திருகிய பனியனோடு திருப்பூரில் ஒரு நாள்

என் பையில் ஒரு நீல நிற டி-ஷர்ட் இருந்தது. ஆறு மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கடையொன்றில் வாங்கியது. மூன்றாவது சலவையிலேயே அதன் இடது பக்கத் தையல் விலாவை விட்டு நகர்ந்து தொப்புளுக்கு அருகில் வந்துவிட்டது. வலது பக்கத் தையல் முதுகுக்குப் போய்விட்டது. கிழியவில்லை, சாயம் போகவில்லை. ஆனால் போட்டுக்கொண்டால் யாரோ பின்னாலிருந்து பிடித்துத் திருகுவது போலவே இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "தைச்சவன் சரியாத் தைக்கல."

அந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்க்கத்தான் திருப்பூருக்குப் போனேன்.

காலை எட்டேகால் மணிக்குத் திருப்பூரில் சாலையைக் கடப்பது லேசான காரியமில்லை. எட்டரை மணி ஷிப்டைப் பிடிக்க ஊரே ஓடுகிறது. கம்பெனி வேன்கள், ஒரே பைக்கில் மூன்று பேர், சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடக்கும் பெண்கள். டீக்கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே இந்தி. மதுரை, தேனி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்களின் ஊராக இருந்தது, இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களின் ஊராகவும் ஆகியிருக்கிறது. இங்கே யாரும் 'ஆயத்த ஆடைத் தொழிற்சாலை' என்று சொல்வதில்லை. எத்தனை மாடிக் கட்டடமானாலும், அதற்குள் ஐரோப்பியக் குழந்தைகளுக்கான உடுப்பு தயாரானாலும், அது 'பனியன் கம்பெனி'தான். 1920களில் உள்ளாடைத் தொழிலாகத் தொடங்கியபோது வைத்த பெயர், ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் இன்றைக்கும் மாறவில்லை.

நான் போன கம்பெனியில் ஏறக்குறைய 300 பேர் வேலை செய்கிறார்கள். முதலாளிக்கு அறுபது வயதிருக்கும். "நானும் கைமடியில ஆரம்பிச்சவன்தாங்க" என்று பேச்சைத் தொடங்கினார். தையல்காரர் தைத்துத் தள்ளும் துண்டுகளை எடுத்து, மடித்து, அடுத்தவருக்குத் தரும் உதவியாளுக்குக் கைமடி என்று பெயர். என் டி-ஷர்ட்டை மேசைமேல் விரித்து, தையலை விரலால் நீவிப் பார்த்தார். "இதைக் கொண்டுட்டுப் போயி எல்லார்த்துகிட்டயும் காட்டுங்க. ஆனா தையல்ல ஆரம்பிக்காதீங்க. நூல்ல இருந்து வாங்க."

நூலைப் பார்க்கக் கம்பெனியை விட்டு வெளியே போக வேண்டியிருந்தது. நிட்டிங் அவருடையது இல்லை. எதிர்ச்சந்தில் இன்னொருவர் நடத்துவது. எல்லாம் ஒரே வளாகத்துக்குள் நடக்கும் பெரிய நிறுவனங்கள் இங்கே உண்டு என்றாலும், திருப்பூரின் இயல்பு ஜாப் ஒர்க்தான். நூல் ஓரிடத்தில் இறங்கும், பின்னல் இன்னோரிடத்தில், சாயம் ஊருக்கு வெளியே, காம்பாக்டிங் வேறு பட்டறையில், பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் தனித்தனிச் சந்துகளில். ஊசி ஏறுவதற்கு முன்பே ஒரு பனியனின் துணி லோடு ஆட்டோவில் ஊரை நாலைந்து முறை சுற்றி வந்துவிடுகிறது.

நிட்டிங் கூடத்தில் பத்து எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பஞ்சுத் தூசி கண்ணிமையில் படிந்தது. ஒவ்வோர் எந்திரமும் ஆளுயரத்துக்கு மேல் இருந்தது. அதைச் சுற்றிச் சட்டத்தில் நூல் கோன்கள் அடுக்கடுக்காக நிற்க, நடுவில் உருளை சுழல, அதன் வயிற்றுக்குள்ளிருந்து துணி ஒரு குழாயாகக் கீழே இறங்கிச் சுருண்டுகொண்டே இருந்தது. 30 அங்குல டயா, 24 கேஜ். கேஜ் என்றால் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை ஊசி என்ற கணக்கு. அப்படியானால் அந்த வட்டத்தில் 2,200க்கும் மேற்பட்ட ஊசிகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கண்ணியைப் பிடித்து, அடுத்த கண்ணியை அதற்குள் இழுக்கிறது. எங்கேனும் நூல் அறுந்தால் எந்திரம் தானே நின்று சிவப்பு விளக்கு எரியும்.

அங்கே பிட்டராக இருந்த பெரியவரிடம் என் டி-ஷர்ட்டைக் காட்டினேன். அவர் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் கோனிலிருந்து ஒரு முழம் நூலை உருவினார். இரண்டு முனைகளையும் இரு கைகளில் இழுத்துப் பிடித்து, மெதுவாகக் கைகளை ஒன்றாகக் கொண்டுவந்தார். தளர்ந்து தொங்கிய நடுப்பகுதி தானாகச் சுழன்று தன்மேலேயே முறுக்கிக்கொண்டது. பாம்புக் குட்டி போல அது அவர் விரல்களுக்கிடையில் சுருண்டதை இப்போதும் என் கண்முன் பார்க்க முடிகிறது.

"பாத்தீங்களா? இன்னும் உசுரு இருக்குதுங்க அதுக்கு."

பஞ்சு நூலாவதே முறுக்கினால்தான். முறுக்கின நூல் எப்போதும் முறுக்கவிழப் பார்க்கும். தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக்கொள்வதால் அந்த ஆசை அடங்கிவிடுகிறது. பின்னல் துணியில் பிடித்துக்கொள்ள ஆளில்லை. ஒவ்வொரு கண்ணியும் தளர்ந்து நிற்கிறது. நூல் கொஞ்சம் முறுக்கவிழ்ந்தாலும் கண்ணி ஒரு பக்கம் சாய்கிறது. லட்சக்கணக்கான கண்ணிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் துணியே சாய்கிறது. ரிப், இன்டர்லாக் மாதிரித் துணிகளில் முன்னும் பின்னும் எதிரெதிர்க் கண்ணிகள் இருப்பதால் ஒன்றின் சாய்வை மற்றது சமன் செய்துவிடும். டி-ஷர்ட்டுக்குப் பெரும்பாலும் போடும் சிங்கிள் ஜெர்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இன்னொன்றும் சொன்னார். அந்த எந்திரத்தில் 90 இடங்களில் நூல் ஊட்டப்படுகிறது. உருளை ஒரு சுற்று முடிப்பதற்குள் 90 வரிகள் பின்னப்பட்டுவிடும். அதாவது வரி வட்டமாகச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வராமல், ஒன்றரை இரண்டு அங்குலம் மேலே ஏறிப் போகும், கோயில் கோபுரத்துக்குள் ஏறும் சுழல் படி மாதிரி. ஆக, துணி பிறக்கும்போதே அதற்குள் ஒரு சாய்வு இருக்கிறது. வேகமாக உற்பத்தியாக வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை ஊட்டுமுனைகள். நிதானமான எந்திரத்தில் சாய்வு குறையும், கிலோவும் குறையும்.

"நூலு கோம்டா, கார்டடா?" என்று கடைசியாக என் டி-ஷர்ட்டை வாங்கிப் பார்த்தார். பஞ்சைச் சீவி, குட்டை இழைகளை நீக்கி நூற்றது கோம்டு. அந்தச் சீவல் இல்லாதது கார்டட். குட்டை இழைகள் கலந்திருப்பதால் அது அறுந்துபோகாமல் நிற்கக் கூடுதல் முறுக்கு கொடுப்பார்கள். முறுக்கு கூடினால் உசிரும் கூடும். இரண்டுக்கும் கிலோவுக்குச் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம் என்றார். ஆயிரக்கணக்கான கிலோ வாங்கும் இடத்தில் அது பெரிய பணம்.

அங்கிருந்து வெளுக்காத துணி ரோல்களோடு சாயப்பட்டறைக்கு லோடு ஆட்டோவிலேயே போனேன். வெளுக்காத துணிக்குக் கிரே துணி என்று பெயர். நிறம் என்னவோ பழைய சோற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு மங்கல் மஞ்சள். பஞ்சின் மெழுகும் விதைத் தோலின் துணுக்குகளும் அதில் அப்படியே இருக்கும். காஸ்டிக்கும் பெராக்சைடும் போட்டுக் கொதிக்கவைத்து அதையெல்லாம் நீக்கிய பிறகுதான் சாயம்.

சாஃப்ட் ஃப்ளோ என்கிற எந்திரத்தைப் பார்த்தேன். பெரிய படுக்கை உருளை, பக்கத்தில் ஒரு கண்ணாடி வட்டம். அதன் வழியே எட்டிப் பார்த்தால் துணி கயிறாகத் திரண்டு, கொதிநீரில் மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரத் துணி தன் கனத்திலேயே நீளும். கயிறாக ஓடும்போது இன்னும் முறுக்கேறும். நூலில் பாதி, நிட்டிங்கில் கொஞ்சம் என்று சேர்ந்த கோணல் இங்கே மேலும் வளர்கிறது.

ஆனால் அந்தப் பட்டறையில் என் டி-ஷர்ட்டைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். உப்பு மூட்டைகள்தான் காரணம். பருத்தியை நீரில் நனைத்தால் அது எடுத்துக்கொள்ளும் மின்னேற்றமும் சாயத்தின் மின்னேற்றமும் ஒரே வகை. ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால்தான் அந்த விலகல் குறைந்து சாயம் துணியை அண்டும். ஆழ்ந்த நிறமென்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு போகும். பிறகு சோடா சாம்பல் சேர்த்து, 60 டிகிரி சூட்டில் சாயத்தைப் பிடிக்கவைப்பார்கள். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும். உப்பு போகாது. போட்ட உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும்.

அந்தத் தண்ணீர்தான் பல ஆண்டுகள் நொய்யல் ஆற்றில் போய்ச் சேர்ந்தது. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிப் போனது. அணைக்குக் கீழே இருந்த உழவர்களுக்குத் திறந்துவிட்டாலும் நஷ்டம், மூடிவைத்தாலும் நஷ்டம். கிணறுகள் உப்புக் கரித்தன. நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊரே அந்த ஆண்டு ஸ்தம்பித்தது. நமக்கு நிறம் நிறமாக உடுத்தக் கொடுத்த ஊர், தன் ஆற்றை இழந்தது. நொய்யலை நம்பியிருந்த உழவர்களுக்கு அதற்கான நியாயம் முழுதாகக் கிடைத்துவிட்டது என்று என்னால் எழுத முடியாது.

பட்டறை மேலாளர் என்னைச் சுத்திகரிப்புப் பகுதிக்கு அழைத்துப் போனார். கழிவுநீரைச் சவ்வு வழியே அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே எடுக்கிறார்கள். மிஞ்சும் கரைசலைக் காய்ச்சி உப்பை எடுக்கிறார்கள். அப்படி எடுத்த உப்பை என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். வெள்ளைவெளேரென்று, சூடாக இருந்தது. "இது திரும்ப உள்ளயே போயிரும்ங்க" என்றார் பெருமையாக. கொட்டகையின் மறுபக்கம் வேறு மூட்டைகள் கிடந்தன. பிரிக்க முடியாத கலப்பு உப்பும் சேறும். அதை எங்கே கொண்டுபோவது என்பதற்கு அவரிடம் அத்தனை தெளிவான பதில் இல்லை. இந்தச் சுத்திகரிப்புக்கெல்லாம் ஆகும் மின்சாரமும் விறகும் சேர்ந்ததுதான் ஒரு கிலோ சாயக்கூலி. கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி-ஷர்ட்டைப் பார்த்தால் இனி எனக்கு அந்த வெள்ளை உப்புதான் நினைவுக்கு வரும்.

காம்பாக்டிங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இழுபட்டு நீண்ட துணியை நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கிடையில் நெருக்கி, வீட்டில் துவைக்கும்போது சுருங்கவிருப்பதை இங்கேயே சுருக்கிவிடுவது. கோணிய துணியை நேராக இழுத்துவைப்பதும் இந்தக் கட்டத்தில் ஓரளவு முடியும். அவசரத்தில் வேகத்தைக் கூட்டி ஓட்டினால் சுருக்கமும் நிற்காது, நேராக்கியதும் நிற்காது.

மதியத்துக்கு மேல் கம்பெனிக்குத் திரும்பினேன். வந்திறங்கிய ரோலிலிருந்து ஒருவர் வட்டமான ஓர் அச்சை வைத்து அழுத்திச் சுழற்றினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி வில்லை வெட்டுப்பட்டது. சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அதைச் சின்னத் தராசில் வைத்தார். 1.58 என்று காட்டியது. அதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை, 158 கிராம். ஆர்டர் 160க்கு. தலையசைத்து நோட்டில் எழுதிக்கொண்டார். ஜிஎஸ்எம் என்று ஊரே உச்சரிக்கும் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு வில்லைத் துணிதான். பத்துக் கிராம் குறைத்தால் வாங்குகிறவருக்கு எளிதில் தெரியாது, விற்கிறவருக்குக் கண்டெய்னர் கணக்கில் தெரியும்.

கட்டிங் கூடத்தில் சத்தமே இல்லை. நீண்ட மேசைகள். ஓரத்துத் தட்டுகளில் ரோல்களைப் பிரித்துத் தளர்வாக மடித்துப் போட்டிருந்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

"துணி ஆறோணும்ங்க" என்றார் கட்டிங் மாஸ்டர். "இழுத்து, காச்சி, நெருக்கி, சுருட்டிக் கொண்டாந்து போட்டிருக்கறாங்க. ஒரு நாளாச்சும் சும்மா கெடந்தாத்தான் அது தன்னோட அளவுக்கு வரும். ஆறாம வெட்டுனா, வெட்டுன பொறவு சுருங்கும். எல் சைஸு எம் சைஸாப் போயிரும்."

"ஒரு நாள் கிடைக்குமா?"

"ஷிப்மென்ட் தேதியப் பொறுத்துங்க." அவர் அதற்கு மேல் பேசவில்லை. முகம் பேசியது.

ஆறிய துணியை மேசைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக விரிக்கிறார்கள். இதற்கு லே என்று பெயர். இழுக்காமல் விரிக்க வேண்டும். இரு பக்கமும் இரண்டு பேர் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போலத்தான் துணியைக் கிடத்துகிறார்கள். நூறு அடுக்கு சேர்ந்ததும் மேலே ஒரு நீளக் காகிதம். முன்பாகம், பின்பாகம், கைகள் எல்லாம் அதில் கணினி போட்ட கோடுகளாக, இடுக்கு விடாமல் அடைந்திருக்கின்றன. இடது கையில் இரும்புச் சங்கிலி வலையாலான கையுறை மாட்டிக்கொண்டு, செங்குத்துக் கத்தி எந்திரத்தை வலது கையால் தள்ளி மாஸ்டர் வெட்டத் தொடங்கினார். நூறு அடுக்கும் ஒரே வெட்டில் பிரிந்தது. அந்தக் கையுறை வருவதற்கு முன் வேலை செய்தவர்களில் விரல் நுனி இழந்தவர்களைத் தனக்குத் தெரியும் என்று வெட்டி முடித்த பிறகு சொன்னார்.

வெட்டிய துண்டுகளுக்கெல்லாம் இரண்டு பெண்கள் எண் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனார்கள். எதற்கென்று கேட்டேன். ஒரே நீலமாகத் தெரிந்தாலும் ரோலுக்கு ரோல் சாயம் மயிரிழை மாறும். 37ஆம் அடுக்கின் முன்பாகம் 37ஆம் அடுக்கின் பின்பாகத்தோடுதான் சேர வேண்டும். மாறினால் வெயிலில் நிற்கும்போது ஒரே சட்டையில் இரண்டு நீலம் தெரியும். அந்தப் பெண்களின் நாள் சம்பளம் அங்கே இருப்பதிலேயே குறைவு. அவர்கள் ஒரு எண்ணைத் தவறவிட்டால் நூறு உருப்படி கெடும்.

மாஸ்டர் என் டி-ஷர்ட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "தையல்ல கேட்டீங்களா?" என்றார். எல்லோருமே அடுத்த அறையைக் காட்டுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பிறகு அவரே, "கோணத் துணிய நேரா வெட்டுனாலும் கோணலா வெட்டுன மாதிரித்தான் ஆயிரும். அதையும் மனசுல வெச்சுக்கங்க" என்றார்.

தையல் கூடத்துக்குள் நுழைந்ததும் மழைபோல இரைச்சல். ஆறு லைன்கள். லைனுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ எந்திரங்கள். ஒருவரும் ஒரு சட்டையை முழுதாகத் தைப்பதில்லை. முதல் ஆள் இரண்டு தோள்களையும் சேர்க்கிறார். அடுத்தவர் கழுத்து ரிப்பை வளையமாக்குகிறார். அதற்கடுத்தவர் அதைக் கழுத்தில் ஏற்றுகிறார். பின்கழுத்தில் டேப், லேபிள். கை மடிப்பு, கை ஏற்றுதல், பக்கத் தையல், கடைசியில் அடி மடிப்பு. ஓரத்தை வெட்டிக்கொண்டே தைப்பது ஓவர்லாக். மடிப்பில் இழுவை தாங்கும் இரட்டைக் கோடு போடுவது பிளாட்லாக். நேர்த்தையல் எந்திரம் எந்த நிறுவனம் செய்ததானாலும் இங்கே அது சிங்கர்தான். ஆட்களும் அதே பெயரால்தான் அறியப்படுகிறார்கள்: சிங்கர் டெய்லர், ஓவர்லாக் டெய்லர். லைனின் தலைமாட்டில் ஒரு வெள்ளைப் பலகை. மணிக்கு எத்தனை உருப்படி என்பது அதில் ஏறிக்கொண்டே இருந்தது. குறைந்த மணிகளுக்குச் சிவப்பு மை.

பக்கத் தையல் போடும் அக்காவிடம் சூப்பர்வைசர் என்னைக் கூட்டிப்போனார். தேனிப் பக்கம் சொந்த ஊர். இருபத்திரண்டு வருடமாக ஓவர்லாக். டி-ஷர்ட்டை எடுத்து நீட்டியதும் அவர் முகம் மாறியது.

"தையல்னு சொல்லிட்டாங்களா?"

"வீட்ல அப்படித்தான் சொன்னாங்க. அதான் கேக்க வந்தேன்."

கையிலிருந்த உருப்படியையே காட்டி விளக்கினார். முன்பாகமும் பின்பாகமும் ஒன்றன்மேல் ஒன்றாக எந்திரத்தின் பாதத்துக்கு அடியில் போகின்றன. கீழே பல் தகடு கீழ்த்துணியை இழுக்கும், மேலே பாதம் மேல்துணியை அழுத்தி நிறுத்தப் பார்க்கும். இரண்டும் சமமாகப் போகும்படி எந்திரத்தைச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். கைகளும் துணியை இழுக்காமல் கூடவே போக வேண்டும். "இப்ப பாருங்க" என்று மேல்துண்டைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துத் தைத்தார். முடிவில் ஒரு விரற்கடை மேல்துண்டு மிஞ்சியது. தையல் நெடுக அலையலையாகச் சுருங்கி நின்றது. "இழுத்துத் தைச்சா இப்பிடி நிக்கும். அவசரத்துல எனக்கும் ஆயிருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். உங்க சட்டையில அந்தச் சுருக்கம் இருக்கா, நீங்களே தடவிப் பாருங்க."

தடவிப் பார்த்தேன். இல்லை.

"எந்தக் கொறையா இருந்தாலும் கடைசியில தையல்ல வந்துதான் சார் நிக்கும். கண்டுபிடிச்சீங்கன்னா எனக்கும் வந்து சொல்லிட்டுப் போங்க."

அவர் பேசிய நேரத்தில் கைமடிப் பெண் அவர் முன்னால் பதினைந்து உருப்படிகளை அடுக்கிவிட்டார். நான் நகர்ந்து நின்றேன். அக்காவின் தோள்கள் இரண்டும் முன்னால் வளைந்திருந்தன, எழுந்து நிற்கும்போதும் அப்படியே இருக்கும் வளைவு. எட்டரைக்கு வந்தால் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். இரவு எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். திருப்பூரில் குடும்பங்களின் வரவுசெலவு அந்த அரை ஷிப்டில்தான் நிற்கிறது, அது இல்லாத வாரங்களில் சனிக்கிழமைச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகிவிடும். 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது இங்கே இரண்டு லைன்கள் வாரக்கணக்கில் அணைந்து கிடந்தன என்று சூப்பர்வைசர் சொன்னார். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து முதலில் பறித்தது இந்த அரை ஷிப்டைத்தான்.

நின்றுகொண்டிருந்தபோதே மூன்றாவது லைனில் ஓர் ஊசி முறிந்தது. உடனே அந்த எந்திரம் நின்றது. தைத்தவர் கையைத் தூக்கினார். சூப்பர்வைசர் காந்தத்தோடு ஓடிவந்தார். மேசை, தரை, மடியிலிருந்த துணி என்று தடவி இரண்டு துண்டுகளை எடுத்தார். வெள்ளைத் தாளில் வைத்துப் பொருத்திப் பார்த்தால் நுனி இல்லை. அருகிலிருந்த உருப்படிகளை எல்லாம் ஒரு சிவப்புக் கூடையில் போட்டு, கையடக்க உலோகங்காட்டியால் ஒவ்வொன்றாகத் தடவினார்கள். ஒரு கைமடிப்புக்குள் அது கீச்சிட்டது. கடுகை விடச் சின்ன நுனி. மூன்று துண்டுகளையும் சேர்த்து ஒரு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, எந்திர எண், நேரம் எழுதி, தைத்தவர் கையெழுத்துப் போட்டார். நுனி கிடைக்காமல் போயிருந்தால் கூடையிலிருந்த அத்தனையும் கம்பெனியை விட்டு வெளியே போகாது. எங்கோ ஒரு நாட்டில் அதைப் போடவிருக்கும் குழந்தையின் தோளுக்காக இங்கே ஒரு லைன் இருபது நிமிடம் காத்திருந்தது. அன்று நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் நெகிழவைத்தது அதுதான்.

பிசிறு வெட்டுவது, செக்கிங், நீராவித் தேய்ப்பு, மடித்து உறையிலிடுவது, பெட்டிகளை மறுபடி உலோகங்காட்டி வழியாக அனுப்புவது எல்லாம் இரண்டாம் மாடியில். பெட்டிகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும். தேறாதவையும் மிஞ்சியவையும் வேறு வழிகளில் திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து சேரும். என் டி-ஷர்ட்டும் அப்படியொரு பாதையில் வந்ததாக இருக்கலாம்.

மொட்டைமாடிக்குப் பக்கத்தில் இருந்த சோதனை அறைக்குக் கடைசியாகப் போனேன். ஒரு சலவை எந்திரம், ஒரு நீள மேசை, கொடியில் காயும் சட்டைகள். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவர் பொறுப்பாளர். ஆர்டர் ஒவ்வொன்றிலும் சில உருப்படிகளை மூன்று தடவை துவைத்துக் காயவைத்து அளப்பது அவர் வேலை.

என் டி-ஷர்ட்டை மேசையில் போட்டு, இழுக்காமல் உள்ளங்கையால் நீவிவிட்டார். அளந்தார். நீளம் 70 சென்டிமீட்டர். அடி விளிம்பில் தையல் விலகியிருந்தது 7 சென்டிமீட்டர். "பத்து பர்சென்ட் ண்ணா. எங்களுக்கு அஞ்சு தாண்டுனாலே ரிஜெக்ட்."

பிறகு என் அனுமதியோடு பக்கத் தையலை நான்கு அங்குலத்துக்குப் பிரித்தார். மடக்குக் கண்ணாடியை அதன் ஓரத்தில் வைத்துக் குனிந்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் கண்ணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைப்பின்னல் மாதிரி வரிசையாக நின்றன.

"இந்த நெடுக்கு வரிய மட்டும் பாருங்க. வெட்டும்போது கோணியிருந்தா இது ஓரத்தை விட்டு விலகிப் போயிருக்கும். விலகலை. ஓரத்தோடயே போகுது. தைக்கும்போது இழுத்திருந்தா சுருக்கம் நிக்கும். அதும் இல்லை. வெட்டுனவங்க வரியப் பாத்துத்தான் வெட்டியிருக்காங்க, தைச்சவங்க ஓரத்தைப் பாத்துத்தான் தைச்சிருக்காங்க. தண்ணி பட்டதும் துணி சாஞ்சிருச்சு, தையலும் அதுகூடப் போயிருச்சு."

அடி விளிம்பில் அவிழ்ந்த இடத்திலிருந்து ஒரு நூலை மெல்ல உருவினார். தடித்தும் மெலிந்தும் இருந்தது. கார்டட் நூல். இரு முனைகளையும் பிடித்துக் கைகளை ஒன்றாகக் கொண்டுவந்தார். ஆறு மாதம் உடுத்தி, எத்தனையோ முறை துவைத்த நூல். காலையில் பார்த்தது போலவே அது சுழன்று தன்மேல் முறுக்கிக்கொண்டது.

நான் கீழே இறங்கி வந்தபோது ஐந்தரை மணி. பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் காகிதக் கோப்பையில் டீயும் ஆளுக்கொரு பன்னுமாக எந்திரங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார்கள். தேனி அக்கா நிற்கிறவர்களில் இருந்தார்.

"தையல் இல்லக்கா. நூல்தான்."

டீயைக் கீழே வைத்தார். "யாரு சொன்னா?"

"மாடியில அளந்து பாத்துச் சொன்னாங்க. வெட்டுனதும் சரி, தைச்சதும் சரின்னாங்க."

அவர் அந்தச் சட்டையைத் தைத்தவர் இல்லை. தைத்தவர் யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் பக்கத்து எந்திரத்துப் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏய், தையல் இல்லயாம்டி" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து சட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள். பிரிந்துகிடந்த நான்கு அங்குலத்தில் அவர் விரல் நின்றது.

"இதப் பிரிச்சுப் போட்டு அப்பிடியே குடுத்து அனுப்பிட்டாங்களா?"

எந்திரத்தில் ஏற்றியிருந்தது வெள்ளை நூல். "உள்பக்கம்தான் சார், வெளிய தெரியாது" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு ஓரங்களையும் பொருத்தி, பாதத்துக்கு அடியில் விட்டு, ஒரு மூச்சில் தைத்து முடித்தார். நூலை வெட்டி, சட்டையை உதறி, நேராக மடித்து என் கையில் கொடுத்தபோது அரை ஷிப்டுக்கான மணி அடித்தது.